ஒருவர்க்கு ஈராட்டம் இயலுமோ?

“ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்” என்பது நம் பாட்டிமார் வாயிலாக நாம் பலகாலும் கேட்ட பழமொழி. ஒன்றிலும் நிலையாது இரண்டிலும் இடர்ப்படுவோனை இடித்துரைக்க எழுந்தது அது. சென்ற தைத் திங்களில் ஒரு மாலை, எம் விடுதி வாயிலிலே இப்பழமொழி முழங்கக் கேட்டேன். கேட்கப்பட்டவன் என் அறைத் தோழன். கூறியவர் அவன் தமையனார்.

தோழன் உசிலம்பட்டிப் பக்கத்துச் சிற்றூரினன். ஊரில் சடுகுடு ஆடி உரம் ஏறிய உடம்பினன். மதுரைக்கு வந்தபின் ஹாக்கிக் கோலும் அவன் கைக்கு நன்கு பழகிவிட்டது. பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமையன்று ஊரில் சடுகுடு இறுதியாட்டம்; அன்று மாலையே மதுரையில் ஹாக்கி இறுதியாட்டம். அழைத்துச் செல்ல முதல்நாளே வந்த தமையனார், “தம்பி, ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் வைக்காதே, பெட்டியை எடு, பஸ்ஸுக்கு நேரமாகிறது” என்றார். தோழன் என்னை நோக்கி, “நீதான் தமிழ் படிக்கிறாயே, இப்பழமொழி மெய்தானா, சொல்” என்றான். அப்பொழுது யான் விடை கூறவில்லை. பின்னர் நூலகத்தில் அமர்ந்து தேடியதன் பயனே இக்கட்டுரை. அவன் எத்திடலுக்குச் சென்றான் என்பதை ஈற்றிற் கூறுவேன்.

முதற்கண், ஒருவர் ஓர் ஆட்டம் விட்டு மற்றோர் ஆட்டம் புகுதல் உலகில் எங்ஙனம் நிகழ்கின்றது என்பதைக் காண்போம். இதற்குச் சிறந்த சான்று உதைபந்தாட்டமே. உதைபந்தாட்டம் என்று நாம் ஒரு பெயரால் வழங்குவது உலகில் ஒன்றன்று. 1863-ஆம் ஆண்டில் இலண்டன் நகரில் கூடிய கழகத்தார் ஒரு விதித்தொகுதி வகுத்தனர். இன்று நம் திடல்களில் ஆடப்பெறுவது அவ்வழி வந்தது. பந்தைக் கையில் ஏந்தி ஓடுதலையே விரும்பினோர் 1871-இல் ரக்பி யூனியன் என்னும் தனிச் சங்கம் கண்டனர். ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரத்தார் அதற்கும் முன்னரே, 1859-இல், தமக்கென விதிகள் எழுதிக்கொண்டனர். அயர்லாந்து நாட்டார் தம் கேலிக் ஆட்டத்துக்கு 1885-இல் விதி வகுத்தனர். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் வெவ்வேறு ஊர்களிற் குடியேறி வெவ்வேறு வழக்கம் பூண்டாற் போன்றது இது.

இப்பிரிவுகளுள் ஒன்று நாம் ஊன்றி நோக்கத் தக்கது. இங்கிலாந்தின் வடபகுதியில் ரக்பி ஆடினோருட் பலர் சுரங்கத்திலும் ஆலையிலும் உழைத்தோர். ஆடச் சென்றால் அன்றைக் கூலி போகும். போன கூலியைக் கழகம் ஈடு செய்யலாமா என்பதே வழக்கு. சங்கத்தார் கூடாதென்றனர், 1895-இல் வடபகுதிக் கழகங்கள் பிரிந்து சென்றன. அப்பிரிவே பின்னர் ரக்பி லீக் ஆயிற்று. லீக் ஆட்டம் ஆடச் சென்றவர்க்கு யூனியன் கதவு அடைபட்டது. 1995-இல் யூனியனும் ஊதியத்தை ஏற்றுக்கொண்ட பின்னரே அக்கதவு திறந்தது. சரியாக நூறு ஆண்டுகள்! ஆகவே ஆட்டத்தை ஆட்டத்தினின்றும் பிரிப்பது பந்தின் வடிவம் மட்டுமன்று. ஆடுவோனுடைய காலத்துக்கு விலை கொடுப்பவர் யார் என்னும் வினாவும் அதனுள் அடங்கியுள்ளது. இதனை மனத்திற் கொண்டு மேலே செல்வோம்.

ஒரு விதித்தொகுதியை விட்டு மற்றொன்றிற் புகுந்து புகழ் பெற்றோருள் ஜிம் ஸ்டைன்ஸ் என்பார் ஒருவர். அயர்லாந்தில் டப்ளின் நகரில் 1966-இல் பிறந்தவர். கேலிக் ஆட்டத்தில் இளைஞர் அணியில் விளங்கிய இவரை மெல்போர்ன் கழகத்தார் 1984-இல் அழைத்துக்கொண்டனர். பதினெட்டு வயது இளைஞர் உருண்டைப் பந்தை விட்டு முட்டை வடிவப் பந்தைக் கைக்கொண்டார். உயரம், ஓட்டம், எம்பிப் பந்தைப் பற்றும் திறம் இவையெல்லாம் அவரோடு கடல் கடந்து வந்தன. வாராதது ஒன்றுண்டு. ஆஸ்திரேலிய ஆட்டத்தில், மற்றொருவர் தொலைவிலிருந்து உதைத்த பந்தைத் தரையில் விழாமற் பற்றியவனுக்குத் தடையின்றி உதைக்கும் உரிமை உண்டு. அவனுக்கும் அவன்முன் நிற்பவனுக்கும் இடையே குறுக்கே ஓடலாகாது. 1987-ஆம் ஆண்டு, இறுதியாட்டத்துக்கு முந்திய ஆட்டத்தின் கடைசி நொடிகளில் ஸ்டைன்ஸ் அவ்வாறு குறுக்கே ஓடிவிட்டார். நடுவர் எதிரியைப் பதினைந்து மீட்டர் முன்னே நகர்த்தினார். மணி ஒலித்தபின் உதைத்த அப்பந்து இலக்கினுட் சென்றது. மெல்போர்ன் இரண்டு புள்ளிகளில் தோற்றது.

அத்துடன் அவர் ஒழிந்தாரோ எனின், இல்லை. 1991-இல் அவ்வாட்டத்தின் தலைசிறந்த தனிப் பரிசாகிய பிரௌன்லோ பதக்கம் பெற்றார். ஓர் ஆட்டமும் தவறாது தொடர்ந்து 244 ஆட்டங்கள் ஆடினார். 2012-இல் புற்றுநோயால் மறையுங்கால் அவர்க்கு வயது 45. அவர் வரலாற்றிலிருந்து நாம் அறிவது யாது? உடம்பின் திறம் ஆட்டத்தினின்று ஆட்டத்துக்கு விரைவிற் செல்லும். விதியறிவு நரம்பிற் கலந்து தானே இயங்கப் பல ஆண்டு வேண்டும். ஆனால் ஸ்டைன்ஸ் ஒன்றை முற்ற விட்டுவிட்டே மற்றொன்றைத் தொட்டார் என்பதையும் மறத்தலாகாது. சேற்றுக் காலை எடுத்துவிட்டு ஆற்றில் இறங்கினார் அவர்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். ரக்பியும் கேலிக் ஆட்டமும் நம் சமவெளியில் வேரூன்றவில்லை. எனினும் இரண்டு ஆட்டங்களில் நாட்டுக்காக நின்றவர் நம்மிடையே இலர் என்று எண்ணற்க. உதைபந்தாட்டத்திற்கே வங்காளத்துச் சுனி கோஸ்வாமி சான்றாவார். 1962-இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டில் பொற்பதக்கம் வென்ற இந்திய அணிக்குத் தலைவராக நின்ற அவர், பின்னர் 1971-72 பருவத்தில் வங்காளக் கிரிக்கெட் அணிக்குத் தலைமை தாங்கி ரஞ்சிக் கோப்பை இறுதியாட்டம் வரை சென்றார். நம் தமிழகத்திலோ, சென்னையினின்று இங்ஙனம் ஈராட்டம் ஆடினோர் இருவர், 1936-ஆம் ஆண்டில் ஒரே கிரிக்கெட் அணியினராய் இங்கிலாந்து சென்றனர். அவ்விருவரையும் ஒப்பிட்டு நோக்கின் நம் பழமொழியின் மெய்ம்மை விளங்கும்.

முன்னவர் கோட்டா ராமசாமி. சென்னைக் கிரிக்கெட்டின் தந்தை எனப் போற்றப்பெறும் புச்சிபாபு நாயுடுவின் மைந்தர். 1896-இற் பிறந்து, கேம்பிரிட்ஜிற் கற்று, 1922-இல் டேவிஸ் கோப்பை டென்னிஸ் போட்டியில் இந்தியாவுக்காக ஆடினார். அதன்பின் பதினான்கு ஆண்டுகள் கழிந்தன. 1936 ஜூலையில் மான்செஸ்டர் நகரில், தம் நாற்பதாம் வயதில், முதன்முதலாக டெஸ்ட் கிரிக்கெட் ஆட இறங்கினார். பேரர் பெறும் பருவத்தில் பெயர் எடுக்க வந்தாரே என்று நகைத்தோரும் இருந்திருப்பர். அவர் எடுத்த ஓட்டங்கள் முதலிற் 40, பின்னர் 60! ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு ஆட்டம் ஆடியவர் இவர்.

பின்னவர் எம். ஜே. கோபாலன். நம் கட்டுரைத் தலைவர் இவரே. செங்கற்பட்டு மாவட்டத்து மொறப்பாக்கம் என்னும் சிற்றூரில் 1909 ஜூன் 6-ஆம் நாள் பிறந்தார். புச்சிபாபு குடும்பத்தின் செல்வமும் கேம்பிரிட்ஜுக் கல்வியும் இவர்க்கு இல. சென்னைத் திருவல்லிக்கேணியில் வளர்ந்த இவருடைய பந்து வீச்சைக் கண்டு வியந்தவர் சி. பி. ஜான்ஸ்டன் என்னும் ஆங்கிலேயர். பர்மா ஷெல் எண்ணெய்க் கம்பெனியில் இவர்க்கு வேலை கிடைக்க உதவியவரும் அவரே. அக்காலத்து நம் நாட்டில் ஆட்டத்தையே தொழிலாகக் கொண்டு உண்டு உடுத்தல் அரிது. வேலை தருவோர் ஆட விடுப்பும் தந்தால்தான் வீரன் வீரனாக இருக்க இயலும். வட இங்கிலாந்துச் சுரங்கத் தொழிலாளிக்கு நேர்ந்த வினா இவர்க்கும் நேர்ந்தது. கம்பெனி வேலையே இவர்க்கு விடையாக வாய்த்தது.

கோபாலனார் கிரிக்கெட்டில் வேகமிதமாகப் பந்து வீசுபவர், ஹாக்கியிலும் வல்லவர். இவ்விரண்டும் உடம்பிடம் வேண்டுவன ஒன்றல்ல. ஹாக்கி அந்நாளில் 35 நிமிடம் கொண்ட இரு பகுதியாக ஆடப்பெற்றது. 70 நிமிடமும் இடுப்பு வளைத்துக் குனிந்தே ஓட வேண்டும். கோலின் தட்டையான முகத்தால் மட்டுமே பந்தைத் தொடலாம் ஆதலின், மணிக்கட்டு ஓயாது திரும்பிக்கொண்டே இருக்கும். பந்து வீச்சாளனோ நிமிர்ந்து ஓடி வந்து, முழங்கை மடங்காது தோளைச் சுழற்றி, ஒரு நொடியில் தன் வலிமை முழுவதையும் கொட்ட வேண்டும். பின்னர் நடந்து திரும்பி மூச்சு வாங்கலாம். முன்னது இடையறாத வேலை. பின்னது விட்டுவிட்டுச் செய்யும் வேலை. எனினும் தரையிற் பட்டு வரும் பந்தின் போக்கைக் கணிக்கும் கண்ணும், மணிக்கட்டின் மென்மையும், வெயிலிற் சோராத காலும் இரண்டுக்கும் பொது. ஒன்று மற்றொன்றைக் கெடுக்கும் என்று கூறுவோர்க்குக் கோபாலனார் வாழ்க்கையே மறுமொழி.

எவ்வாறெனின், 1934 சனவரியில் கல்கத்தாவில், டக்ளஸ் ஜார்டின் தலைமையில் வந்த இங்கிலாந்து அணிக்கு எதிராக அவர் டெஸ்ட் ஆட்டம் ஆடினார். அவ்வாண்டு நவம்பர் 4-ஆம் நாள் சென்னைச் சேப்பாக்கத்தில் ரஞ்சிக் கோப்பைப் போட்டி பிறந்தது. மைசூர் அணிக்கு எதிராகச் சென்னையின் சார்பில் அப்போட்டியின் முதற்பந்தை வீசியவர் கோபாலனாரே. ஏ. ஜி. ராம்சிங் பதினொரு விக்கெட் வீழ்த்தவே, அவ்வாட்டம் ஒரே நாளில் முடிந்து சென்னை வென்றது. இன்றுவரை அக்கோப்பைக்காக வீசப்பெற்ற பந்துகள் எண்ணிறந்தன. அவற்றுக்கெல்லாம் மூத்தது அந்த ஒரு பந்து.

அடுத்த ஆண்டாகிய 1935-இல் கோலைக் கையில் ஏந்தி நியூசிலாந்துக்குக் கப்பல் ஏறினார். தியான்சந்த் தலைமையிற் சென்ற அந்த ஹாக்கி அணி, வழியில் ஆடியனவும் சேர்த்து 48 ஆட்டங்களில் 584 கோல்கள் அடித்தது. வாங்கியவை 40 மட்டுமே. இவ்வாறு இரண்டு ஆண்டுகளுக்குள் ஒரே மனிதர் இரண்டு ஆட்டங்களில் இந்தியாவின் சார்பில் நின்றார். ஆற்றிலும் சேற்றிலும் கால் வைத்து அவர் வழுக்கி விழவில்லை.

ஆயின், 1936 வந்தது. அவ்வாண்டுக் கோடையில் கிரிக்கெட் அணி இங்கிலாந்து செல்ல வேண்டும். ஹாக்கி அணி பெர்லின் ஒலிம்பிக்குக்குச் செல்ல வேண்டும். இரண்டு வாயில்களும் கோபாலனார்க்குத் திறந்திருந்தன. உடம்பு இரண்டையும் ஆட வல்லது. மனம் இரண்டையும் விரும்பும். ஆனால் இலண்டனிலும் பெர்லினிலும் ஒருங்கே நிற்றல் மானிடர்க்கு இயலாது. வெற்றி ஒன்றையே நாடுவோர் ஹாக்கியைத்தான் தேர்ந்திருப்பர். ஏனெனில் 1928-லும் 1932-லும் ஒலிம்பிக் பொற்பதக்கம் நமதே. கிரிக்கெட்டிலோ அன்றுவரை ஒரு டெஸ்ட் வெற்றியும் நமக்கில்லை. அம்முதல் வெற்றி 1952-இற்றான் வந்தது. எனினும் கோபாலனார் கிரிக்கெட்டைத் தேர்ந்தார்.

அப்பயணம் நற்பயணமாக அமையவில்லை. அணித் தலைவர் விஜயநகரம் மகராஜகுமார்; பூசல் மிகுந்து, சிறந்த வீரராகிய லாலா அமர்நாத் இடையிலேயே திருப்பி அனுப்பப்பெற்றார். மூன்று டெஸ்ட் ஆட்டங்கள் நடைபெற்றன. ஒன்றிலேனும் கோபாலனார்க்கு இடம் கிட்டவில்லை.

1936 ஆகஸ்டு 15-ஆம் நாளை நண்பர்கள் சற்றே கருதிப் பார்க்க. அன்று சனிக்கிழமை. இலண்டன் ஓவல் திடலில் மூன்றாம் டெஸ்ட் ஆட்டம் தொடங்கியது. இங்கிலாந்தின் ஹாமண்ட் 217 ஓட்டங்கள் குவித்த ஆட்டம் அது. நாற்பது வயது ராமசாமியார் இந்திய அணியில் நின்றார். அதே நாளில் பெர்லினில் ஹாக்கி இறுதியாட்டம். மழையால் ஒரு நாள் தள்ளி வைக்கப்பெற்றது. அதில் இந்தியா ஜெர்மனியை எட்டுக்கு ஒன்றாக வென்று பொற்பதக்கம் சூடியது. ஒரு திடலில் நின்றிருக்கத் தக்கவரும், மற்றொரு திடலில் நின்றிருக்க வேண்டியவருமாகிய கோபாலனார் அன்று இரண்டிலும் ஆடவில்லை. பதினொரு ஆண்டு கழித்து நாடு விடுதலை பெற்ற நாளும் அதே ஆகஸ்டு 15 ஆயிற்று. நாம் கொடியேற்றும் அந்நாளில் இவரையும் ஒருகால் நினைத்தல் தகும்.

அவர் தேர்ந்தது தவறு என்று கூறுதல் எளிது. முடிவு தெரிந்தபின் தேர்வை எடையிடுவோர் யாவரும் அறிஞரே. விடைத்தாள் திருத்தப்பட்டபின் எவ்வினாவை எழுதியிருக்க வேண்டும் என்று நாம் விடுதியில் உரைப்பதில்லையா? கப்பல் ஏறும் நாளில் அவர் அறிந்தவை சில: தாம் ஏற்கெனவே டெஸ்ட் ஆட்டம் ஆடியவர்; தம் மாகாண அணியின் முதற்பந்து தம் கையிற் கொடுக்கப்பெற்றது. அறியாதவை பல: பூசல், புறக்கணிப்பு, பெர்லின் கோல்கள். அறிந்தவற்றைக் கொண்டு தேர்ந்தார். அறியாதவை வந்து மோதின. இது பிழை ஆகாது. தேர்வு என்பதன் இயல்பே இது.

பதக்கம் ஒன்று போனமையால் அவர் வாழ்வும் போய்விடவில்லை. இந்திய அணியைத் தேர்ந்தெடுக்கும் குழுவிலும் பின்னாளில் இடம் பெற்றார். 1952-53 பருவத்தில் சென்னைக்கும் இலங்கைக்கும் இடையே ஆண்டுதோறும் ஆடத் தொடங்கிய கிரிக்கெட் போட்டிக்குக் கோபாலன் கோப்பை என்றே பெயரிட்டனர். இலங்கை டெஸ்ட் உரிமை பெற்றது 1981-இல். அதற்கு முந்திய நெடுங்காலம் அந்நாட்டு வீரர்க்கு அக்கோப்பை ஒரு பயிற்சிக் களமாக இருந்தது. 2003 டிசம்பர் 21-ஆம் நாள், தம் 94-ஆம் வயதில் அவர் மறைந்தபோது, உயிரோடிருந்த டெஸ்ட் வீரருள் மூத்தவராக எண்ணப்பெற்றார். அவருடைய டெஸ்ட் கணக்கோ ஓர் ஆட்டம், 18 ஓட்டம், ஒரு விக்கெட். இத்துணைச் சிறு கணக்குக்கு இத்துணைப் பெரும் மதிப்பு எவ்வாறு வந்தது? கணக்கேட்டில் அடங்காத ஒன்று அவர் வாழ்வில் இருந்தமையாலன்றோ!

ஆகவே பழமொழிக்கு யான் காணும் பொருள் இது. ஸ்டைன்ஸும் ராமசாமியாரும் ஒரு காலை எடுத்தபின் மறு காலை வைத்தனர். கோபாலனார் இரு காலும் ஒருங்கே வைத்தார். மூவாண்டு நன்றாகவே நின்றார். அவரை வீழ்த்தியது ஆறுமன்று, சேறுமன்று, நாட்காட்டி. ஓருடம்புக்கு ஈராட்டம் இயலும். ஒரு நாளுக்கு ஈரிடம் இயலாது. பழமொழி பாதி மெய்.

இதனை இன்று நாம் கருதுதற்குக் காரணம் உண்டு. கோபாலனார் தேர்ந்தபோது அவர்க்கு வயது 26. இக்காலத்து ஆட்டம் தொழிலாயிற்று. 2008-இல் ஐ.பி.எல். தொடங்கியபின் கிரிக்கெட்டிலும், 2014 முதல் கபடியிலும், ஏலத்தில் வீரர்க்கு விலை பேசுதலைக் கண்டோம். அன்று ஒரு கம்பெனி விடுப்பாகத் தந்த காலத்தை இன்று அணிகள் பணம் கொடுத்தே வாங்குகின்றன. விலை கொடுத்தோர் அதனை மற்றோர் ஆட்டத்துக்குப் பங்கிட்டுத் தர இசையார். அதனால் தேர்வு முன்னே முன்னே தள்ளி வந்து, பதினான்கு வயதுச் சிறுவன் தலையில் விழுகின்றது. எந்த ஆட்டம் தனக்குரியது என்று அறியும் முன்னரே ஒன்றை விட்டுவிடு என்கிறோம். 2025-இல் இளையோர் ஹாக்கி உலகக் கோப்பை ஆட்டங்கள் நம் மதுரையிலேயே நடைபெற்றன. அவற்றைக் கண்டு திரும்பிய சிற்றூர்ச் சிறுவருட் சிலரேனும், மறுநாள் காலை கோலையும் தொட்டிருப்பர், மாலையில் சடுகுடுவும் பாடியிருப்பர். அவர்களை இரண்டும் ஆட விடுவோம். தேர வேண்டிய நாள் தானே வரும். அதை நாம் விரைந்து அழைக்க வேண்டா. போட்டி நடத்தும் பெரியோர்க்கும் ஒரு விண்ணப்பம்: நாள் குறிக்குமுன் அண்டை ஊரின் நாளையும் ஒரு முறை கேட்டறிவீராயின், ஒரு சிறுவனின் கண்ணீர் மிச்சமாகும்.

என் தோழன் கதையை முடித்துவிடுகின்றேன். அன்று அவன் தமையனாரோடு ஊருக்கே சென்றான். சடுகுடுவில் ஊர் அணி தோற்றது. இங்கு ஹாக்கி அணியும் தோற்றது. ஒரு வாரம் வரை அணித் தலைவர் அவனோடு பேசவில்லை. இக்கட்டுரையை அவனுக்குப் படித்துக் காட்டினேன். கோபாலனார் பெர்லினை விட்ட இடம் வந்ததும் கையமர்த்தி, “அவர் ஏதேனும் வருந்தினாரா?” என்று கேட்டான். “நீ வருந்தினாயா?” என்றேன். சற்று நேரம் ஹாக்கிக் கோலின் பிடியில் கிழிந்த துணியைச் சுற்றிக்கொண்டே இருந்தான். பின்னர், “அவர் கடல் கடந்தார், யான் உசிலம்பட்டிச் சாலையைத்தானே கடந்தேன்! வரும் ஆண்டு இரண்டும் வேறு வேறு ஞாயிற்றுக்கிழமையில் வரட்டும், பார்ப்போம்” என்று கூறித் திடலுக்கு எழுந்து போனான்.